மினி ஆர்கேட் எந்திரம் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள்

பேக்மேன், மஞ்சள் நிற வாயன் ஒன்று பேய்களிடம் சிக்காமல் சந்துகளில் ஓடிப் புள்ளிகளை விழுங்கும் பழைய ஆட்டம்; ஆர்கேட் என்பது அப்படிப்பட்ட ஆட்டங்களைக் காசு போட்டு ஆடும் கூடம். அந்தப் பேக்மேன் எந்திரம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. சாவிக்கொத்தில் தொங்கும் அளவிலும் கிடைக்கிறது, புத்தக அலமாரியில் நிற்கும் அளவிலும் கிடைக்கிறது, கூடத்தின் மூலையில் வைத்து நின்றபடி ஆடும் அளவிலும் கிடைக்கிறது. எல்லாவற்றின் மேலும் அதே மஞ்சள் நிறம், அதே ஓவியம், அதே பெயர். விலை மட்டும் சுமார் 20 டாலரில் தொடங்கி 500 டாலர் வரை போகிறது. எதை வாங்குவது என்று குழம்பி நிற்பவர்கள் பெரும்பாலும் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம்; ஆடுகிறவரின் கையைச் சிறிதாக்க முடியாது. ஆடுவதற்காக வாங்குகிறவர் பெட்டியின் அளவில் விட்டுக்கொடுக்கலாம், திசை காட்டும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக்கின் அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக வாங்குகிறவருக்குக் கணக்கு வேறு. உங்களுக்கு வேண்டியது இவற்றில் எது என்று முடிவு செய்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

ஜாய்ஸ்டிக். ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக டோரு இவதானி வடிவமைத்து 1980இல் வெளிவந்த பேக்மேனில் சுடும் பொத்தானே கிடையாது. ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்கில் நடக்கிறது. அதுவும் மேல், கீழ், இடம், வலம் என நான்கே திசைகளில். ஒவ்வொரு புள்ளியை விழுங்கும்போதும் பேக்மேன் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் நின்று போகிறது. அதனால் புள்ளிகள் நிறைந்த சந்தில் ஓடும்போது பின்னால் வரும் பேய் நெருங்கிக்கொண்டே இருக்கும். இழந்த தூரத்தை மீட்கும் இடம் முனைகள்தான். திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிவிட்டால் பேக்மேன் முனையைக் குறுக்காக வெட்டித் திரும்பும். பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நன்றாக ஆடுகிறவர்கள் ஒவ்வொரு முனையிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

இதையே எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் செய்து பாருங்கள். வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது மேலே தள்ளுகிறீர்கள். கை மயிரிழை சாய்ந்தாலும் ‘மேல்’, ‘வலம்’ இரண்டும் சேர்ந்து பதிவாகின்றன. பேக்மேன் திருப்பத்தைத் தவறவிட்டு நேராகப் போய் எதிரே வரும் பேயிடம் சிக்குகிறது. ஆடுகிறவர் தன் கை பழகவில்லை என்று வருத்தப்படுவார். குறை அவர் கையில் இல்லை, எந்திரத்தில் இருக்கிறது. 1991இல் வந்த சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு நிலைமை நேர் எதிர்: அதற்கு எட்டுத் திசையும் ஆறு பொத்தான்களும் கட்டாயம் வேண்டும். அட்டாரியின் டெம்பெஸ்ட் சுழலும் குமிழில் ஆடுவது. சென்டிபீட் உருளும் பந்தில் ஆடுவது. ஆகவே எந்த ஆட்டம் என்று தீர்மானிக்காமல் எந்த எந்திரம் என்று தீர்மானிக்க இயலாது.

உள்ளே ஓடும் நிரல். அசல் எந்திரத்தின் அழியாத நினைவகமான ரோம் சில்லுகளில் இருந்த நிரலையே அப்படியே ஓட்டுகிற பிரதிகள் உண்டு. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீட்டு கன்சோல்களுக்காக அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பதிப்பை ஓட்டுகிறவையும் உண்டு. சிறு திரைக்காகப் புதிதாக எழுதியவையும் உண்டு. மூன்றுக்கும் பெட்டியில் பெயர் ஒன்றுதான். பேக்மேனில் இந்த வேறுபாடு பெரிது. அசலில் பேய்கள் தாறுமாறாக ஓடுவதில்லை. பிளிங்கி நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். பிங்கி உங்களுக்கு நான்கு கட்டம் முன்னால் இருக்கும் இடத்தைக் குறிவைக்கும். கிளைட் எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் அதே அசைவுகளைச் செய்தால் பேய்களும் அதே வழியில்தான் வரும். இதனால்தான் ஒரு சுற்று முழுவதற்குமான பாதையை மனப்பாடம் செய்து ஆட முடிகிறது. நிரல் மாறினால் மனப்பாடம் செய்த பாதை பலிக்காது.

அசலில் ஒரு பிழையும் இருக்கிறது: பேக்மேன் மேல்நோக்கிப் போகும்போது பிங்கியின் குறி நான்கு கட்டம் இடப்பக்கமும் விலகிவிடும். 256ஆம் சுற்றில் திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகச் சிதறும். உண்மையான பிரதி என்றால் இந்தப் பிழைகளும் அதில் இருக்க வேண்டும். திருத்திய பதிப்பு எனக்கு வேண்டாம்.

அசல் நிரல்தானா என்று சட்டென்று கண்டுபிடிக்க ஒரு வழி: திரையில் மதிப்பெண் எங்கே வருகிறது என்று பாருங்கள். அசலில் ஆட்டக்களத்துக்கு மேலே வரும். நின்டெண்டோ கன்சோல் பதிப்பில் வலப்பக்கத்தில் வரும். விற்பனைப் பக்கத்தில் உள்ள படத்தைப் பெரிதாக்கினாலே தெரிந்துவிடும்.

திரை. பேக்மேனின் படம் அகலம் 224, உயரம் 288 படப்புள்ளிகள் கொண்டது. அதாவது நெட்டுத் திரை. அகலத் திரையில் காட்டினால் இருபுறமும் கறுப்பாக வீணாகி, நடுவில் மட்டும் ஆட்டம் தெரியும். ஆகவே திரை எத்தனை அங்குலம் என்பதோடு, எந்தப் பக்கமாக நிற்கிறது என்றும் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: ஒலியைக் குறைக்க வசதி இருக்கிறதா, மின்கலம் கழற்றக்கூடியதா, கெட்டுப்போனால் மாற்றுப் பாகம் கிடைக்குமா, வீட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும், விலைப்பட்டியலில் வராத செலவு எவ்வளவு.

## சாவிக்கொத்து அளவும் உள்ளங்கை அளவும்

டைனி ஆர்கேட் வரிசையில் வரும் பேக்மேன் விரல் நீள உயரம்தான். ஜாய்ஸ்டிக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளித்தான் பிடிக்க முடியும். திரை ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். முதல் சுற்று ஆடலாம், சிரிக்கலாம், நண்பருக்குக் காட்டலாம். அதற்குமேல் இதிலிருந்து எதிர்பார்ப்பது நியாயமில்லை, விலையும் அதற்கேற்றதுதான்.

அடுத்த படி, மை ஆர்கேட் நிறுவனத்தின் மைக்ரோ பிளேயர் வரிசை. சுமார் 17 செ.மீ. உயரம், 2.75 அங்குலத் திரை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஜாய்ஸ்டிக்கின் தண்டைத் திருகிக் கழற்றிவிட்டு அடியில் இருக்கும் தட்டைப் பொத்தானில் கட்டைவிரலால் ஆடலாம். மினியேச்சர் ஜாய்ஸ்டிக்கைவிட அது உண்மையிலேயே துல்லியமாக இருக்கிறது. ஆனால் இந்த விலைப் பிரிவில் கன்சோல் பதிப்புகள் அடிக்கடி தலைகாட்டும். மேலே சொன்ன மதிப்பெண் சோதனையை இங்கேதான் அவசியம் செய்ய வேண்டும்.

மறைமுகச் செலவு மின்கலங்கள். ஆடாமல் மாதக்கணக்கில் வைக்கும்போது மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் உலோகப் பட்டைகள் பச்சை பூத்துப்போகும். 1980களின் தொடக்கத்தில் கொலெக்கோ நிறுவனம் மேசைமேல் வைக்கும் பேக்மேன், டாங்கி காங், கேலக்சியன், ஃபிராகர் மினி எந்திரங்களை விற்றது. இன்று பழைய பொருள் சந்தையில் வரும் அந்த எந்திரங்களில் நான் முதலில் திறந்து பார்க்கச் சொல்வது மின்கல அறையைத்தான்.

குழந்தையின் பிறந்தநாள், அலுவலக மேசை, ஆட்டத்தின் மேல் ஒரு சின்னப் பிரியம்: இவற்றுக்கு இந்த வகை போதும்.

## கால் அளவும் ஆறில் ஒரு பங்கும்: சேகரிப்பாளர்களின் பிரதிகள்

மனம் மயங்குவது இங்கேதான். பிரிட்டனின் நம்ஸ்கல் நிறுவனம் குவார்ட்டர் ஆர்கேட்ஸ் என்ற பெயரில் அசலைச் சரியாகக் கால் அளவுக்குச் சுருக்கிச் செய்கிறது. மரப் பெட்டி, பக்க ஓவியம், ஒளிரும் காசுக் கதவு, மேலே ஒளிரும் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. ஓடுவது அசல் நிரல். உயரம் முழங்கை அளவு. நியூ வேவ் டாய்ஸ் நிறுவனத்தின் ரெப்ளிகேட் வரிசை இன்னும் சிறியது. ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஓர் அடி. அந்த வரிசையில் டெம்பெஸ்டும் உண்டு. சுழல்குமிழ் உண்மையாகவே சுழலும்.

கைவேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆட்டம் என்று வரும்போது இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது உடல் சார்ந்தது. கால் அளவு எந்திரத்தில் ஜாய்ஸ்டிக்கின் உயரம் விரல்நுனி அளவுக்கு வந்துவிடுகிறது. மேசைமேல் வைத்து இடக்கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், தள்ளும் வேகத்தில் எந்திரமே நகர்கிறது. உருளும் பந்து வைத்த ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். அசல் சென்டிபீடில் கனமான பந்தை ஓர் உருட்டு உருட்டினால் அது தன் எடையால் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டாணி அளவுப் பந்துக்கு அந்த எடை கிடையாது. விரலை எடுத்ததும் நின்றுவிடும். இரண்டாவது தடை திரை சார்ந்தது. டெம்பெஸ்ட் எந்திரத்தின் திரை, மின்கற்றை நேரடியாகக் கோடு போட்டு வரைந்த வெக்டர் திரை. அந்தக் கோடுகளின் கூர்மையையும் ஒளியையும் எல்சிடி திரை எட்டிப்பிடிக்காது.

இந்த வகையில் விலை 100 டாலரைத் தாண்டும். வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் வெளியிடுவதால், விற்றுத் தீர்ந்த பிறகு மறுவிற்பனை விலை ஏறுவதும் உண்டு. அந்த நம்பிக்கையில் வாங்குகிறவர் பெட்டி, உள்ளட்டை, சான்றிதழ் எல்லாவற்றையும் கசங்காமல் காப்பாற்ற வேண்டும். வெறும் எந்திரத்துக்கு அந்த விலை கிடைக்காது. உள்ளே பொருத்திய லித்தியம் மின்கலம் ஆண்டுக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் பாழாகும். காட்சிக்கு வைத்தாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றி, ஒரு சுற்று ஆடிவிட்டு வையுங்கள்.

பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால் லெகோவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 2023இல் வந்த அவர்களின் பேக்மேன் ஆர்கேட் 2,651 துண்டுகள் கொண்டது. பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் பேக்மேனும் பேய்களும் களத்தில் நகரும். உண்மையான ஆட்டம் எதுவும் இல்லை; கட்டி முடிக்கும் நாட்கள்தான் ஆட்டம். ஆட முடியாத பொருளுக்கு 200 டாலருக்கு மேலா என்று தயங்குகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: அலமாரிக்குப் போன கால் அளவு எந்திரத்தைக் கடைசியாக எப்போது எடுத்து ஆடினீர்கள்?

## பல ஆட்டங்கள் கொண்ட ஜப்பானிய மினிகள்

எஸ்என்கே நிறுவனம் தன் 40ஆம் ஆண்டையொட்டி 2018இல் வெளியிட்ட நியோ ஜியோ மினியில் 40 ஆட்டங்கள். செகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி மினி 2020இல் வந்தது; டைட்டோவின் ஈக்ரெட் 2 மினி 2022இல். இவை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் பிரதிகள் அல்ல. ஜப்பானிய ஆர்கேட் கூடங்களில் ஆட்டப் பலகையை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பொது எந்திரங்களின் பிரதிகள். நீங்கள் தேடும் ஆட்டம் உள்ளே இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேக்மேனுக்காக இவற்றை வாங்க முடியாது.

மூன்றில் என் கணிப்பில் முதலிடம் ஈக்ரெட் 2 மினிக்குத்தான், அதுவும் நல்ல இடைவெளியில். அதன் திரையை அழுத்தி விடுவித்து, திருப்பி, நெட்டாகவும் அகலமாகவும் வைக்கலாம். ஜாய்ஸ்டிக்கை நான்கு திசைக்கும் எட்டுத் திசைக்கும் மாற்றிக்கொள்ளலாம். மேலே அவ்வளவு நீளமாகச் சொன்ன சிக்கலை ஒரு நிறுவனம் புரிந்துகொண்டு வடிவமைத்திருக்கிறது என்பதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. 1978இல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸை அதன் சரியான நெட்டுத் திரை வடிவில் ஆட முடிகிறது.

நியோ ஜியோ மினியில் அகலத் திரை ஆட்டங்களே என்பதால் திரைச் சிக்கல் இல்லை. ஆனால் மின்கலம் கிடையாது; யூஎஸ்பி மின்சாரம் எப்போதும் வேண்டும். தொலைக்காட்சியில் இணைக்க மினி எச்டிஎம்ஐ கேபிள் தனி, இரண்டாவது ஆளுக்கான கட்டுப்பாட்டுக் கருவி தனி. ஈக்ரெட்டிலும் பந்தும் குமிழும் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாகவே விற்கப்பட்டது. சண்டை ஆட்டங்களை நண்பரோடு ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால், இந்த உபரிகளையும் கூட்டிய பிறகு வரும் தொகைதான் உண்மையான விலை.

## முக்கால் அளவு: நின்று ஆடும் வீட்டு எந்திரம்

ஆர்கேட்1அப் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த வகை இது. நாலடி உயரம், 17 அங்குலத் திரை, முழுக் கைக்கும் பொருந்தும் ஜாய்ஸ்டிக். தட்டையான அட்டைப்பெட்டியில் பலகைகளாக வரும். திருகு முடுக்கி நாமே நிறுத்த வேண்டும். அறிமுகமான காலத்தில் 300, 400 டாலரில் கிடைத்தது. பின்னால் வந்த பெரிய மாடல்கள் அதைவிட ஏறின.

ஆட்டத்துக்கு இதற்கும் சாவிக்கொத்துக்கும் ஒப்பீடே இல்லை. தோளிலிருந்து கை இயங்குகிறது, கண்ணுக்கும் திரைக்கும் சரியான தூரம் கிடைக்கிறது, பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க முடிகிறது. ஆர்கேட் என்றால் பக்கத்தில் ஒருவர் நின்று பார்ப்பதும் சேர்ந்ததுதான்.

செலவுகள் மெல்ல மெல்ல வரும். நாலடி எந்திரம் வளர்ந்தவர்களுக்குக் குட்டை. ஓர் அடி உயர மேடை வாங்க வேண்டும் அல்லது முக்காலி போட வேண்டும். தீவிரமாக ஆடுகிறவர்கள் வழக்கமாக முதலில் மாற்றும் பாகம் ஜாய்ஸ்டிக். பேக்மேன் எந்திரம் என்றால் நான்கு திசைக்குக் கட்டுப்படுத்தும் தட்டு பொருத்தியதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டி, மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை. நம் வீடுகளில் தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம். அடிப்பலகை அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே போதும். வாங்கிய அன்றே அடியில் ரப்பர் கால்கள் வைத்து, பலகையின் வெட்டு முனைகளுக்கு வார்னிஷ் பூசிவிடுவது நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர் அடுத்த முறை வீடு மாற்றும் நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரித்துக் கட்டும் ஒவ்வொரு முறையும் திருகுத் துளைகள் தளரும்.

## நாமே கட்டுவது

மேசைமேல் வைக்கும் சிறு பெட்டி, அதற்குள் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, நெட்டாக நிறுத்திய பழைய மானிட்டர், முழு அளவு ஜாய்ஸ்டிக். ஆடுகிறவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் இங்கே பெட்டி மட்டும் சிறிதாகிறது, கைக்கு வேண்டியது எதுவும் சிறிதாவதில்லை. ஜப்பானின் சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கை வாங்கினால், அடியில் இருக்கும் சதுரத் தட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே எட்டுத் திசை நான்கு திசையாகிவிடும். பேக்மேனும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் ஒரே பெட்டியில் சரியாக ஆட முடிகிற வழி இது. கெட்டுப்போனால் எந்தப் பாகத்தையும் தனியாக மாற்றலாம்.

அசல் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் மேம் மென்பொருள் 1997 முதல் இருக்கிறது, அது இலவசம். ஆட்ட நிரல்கள் அப்படியல்ல, அவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு. இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுத்துக்கொள்வது களவுதான். முறையாக வாங்க வழி இருக்கிறது: ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையில் அசல் பேக்மேன் சில டாலர்களுக்குக் கிடைக்கிறது. அது கன்சோலில் ஓடுவது. வீட்டில் ஏற்கெனவே கன்சோல் இருந்தால், பெட்டி கட்டாமல் ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் மட்டும் வாங்கினாலும் ஆட்டம் முழுமையாகக் கிடைத்துவிடும்.

இதன் விலை நேரம். மரவேலையிலும் கம்பி இணைப்பிலும் ஆசை இல்லாதவர் இதைத் தொடங்கினால் பாதியில் பரணுக்குத்தான் போகும்.

## ஒரே பார்வையில்

| வகை | கைக்கு | நிரல் | கூடுதல் செலவு | பொருத்தமானவர் |
|---|---|---|---|---|
| சாவிக்கொத்து, உள்ளங்கை | சிரமம் | பெரும்பாலும் அசல் அல்ல | மின்கலம் | பரிசளிப்பவர் |
| கால், ஆறில் ஒரு பங்கு | விரல்நுனி | அசல் | மின்கலப் பராமரிப்பு, பெட்டியைக் காப்பது | சேகரிப்பவர் |
| ஜப்பானிய மினி | நடுத்தரம் | அசல், பல ஆட்டங்கள் | கேபிள், கூடுதல் கட்டுப்பாட்டுக் கருவி | பல ஆட்டப் பிரியர் |
| முக்கால் அளவு | நன்று | பொதுவாக அசல் | மேடை, ஜாய்ஸ்டிக், இடம் | குடும்பம், நண்பர்கள் |
| நாமே கட்டுவது | மிக நன்று | அசல், உரிமம் உங்கள் பொறுப்பு | நேரம், கருவிகள் | தீவிரமாக ஆடுபவர் |

முழு அளவு அசல் எந்திரத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. நூறு கிலோவைத் தாண்டும் எடை, உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும் படக்குழாய், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அருகிவரும் நிலை எல்லாம் சேர்ந்து அது தனி முடிவாகிவிடுகிறது.

## வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு

இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் சந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வரவழைத்தால் பொருளின் விலைமேல் அனுப்புச் செலவு, சுங்க வரி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் எல்லாம் ஏறும். முக்கால் அளவு எந்திரத்துக்கு அனுப்புச் செலவே பொருளின் விலையை எட்டிவிடலாம். அதற்குப் பதில் உள்ளூர்த் தச்சரிடம் பெட்டி செய்து, ஜாய்ஸ்டிக்கையும் பொத்தான்களையும் மட்டும் வரவழைப்பது எவ்வளவோ மேல். யூஎஸ்பியில் ஓடும் மினிகளுக்கு மின்னழுத்தக் கவலை இல்லை. தனி அடாப்டரோடு வருபவற்றில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 110 மட்டும் என்றால் நேராகச் சுவரில் செருகாதீர்கள். உறவினர் விமானத்தில் கொண்டுவருகிறார் என்றால், லித்தியம் மின்கலம் உள்ள எந்திரத்தைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

பயன்படுத்தியதை வாங்குகிறவர் விற்பவரிடம் ஒரு காணொளி கேளுங்கள். எந்திரத்தின் அழகைக் காட்டும் காணொளி வேண்டாம். முதல் சுற்றில் பேக்மேன் முனைகளில் திரும்புவதைக் கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். கை தள்ளிய பிறகும் பேக்மேன் முனையைத் தாண்டிப் போகிறது என்றால், விலை பேசும்போது புது ஜாய்ஸ்டிக்கின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.